பெண் கேட்கப் போன இடத்தில் ஒரு செம்புச் சேவல்

சென்னையில் இறங்கியபோது என் பெட்டிக்குள் நான்கு பட்டுப்புடவைகளும் இரண்டு பாட்டில் ஜாதிக்காய் ஊறுகாயும் இருந்தன. ஒரு ஸ்பானர்கூட இல்லை. பெண் கேட்கப் போகிறவள் ஸ்பானரை எதற்குத் தூக்கிக்கொண்டு போவாள்?

நான் மலேசியாவில் பினாங்குக்காரி. பெயர் கிரேஸ். அங்குள்ள ஜார்ஜ் டவுனில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. பழைய பங்களாக்கள், மிஷன் பள்ளிகள், தேவாலயங்கள் இவற்றின் கூரைமேல் இருக்கும் செம்பு வேலைகளைப் பழுது பார்க்கிறோம். மழைநீர்த் தகடு, இடிதாங்கிப் பட்டை, அப்புறம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு கோபுர உச்சியில் நிற்கும் சேவல், மீன், கப்பல். கணவர் போன பிறகு இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு நானே நடத்துகிறேன். ஒரே பிள்ளை, டேனியல். இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர்.

எஸ்தர் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டேனியலின் தொழிற்சாலைக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்க வந்து சில மாதங்கள் பினாங்கில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவளை முதலில் யாருக்குப் பிடித்தது, எனக்கா டேனியலுக்கா என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. அவள் ஊர் திரும்பியதும் முறைப்படி அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். அவர் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கு இதுல இஷ்டமில்லம்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். "இஷ்டமில்ல, அவ்ளோதான்."

அதன்பிறகு எஸ்தரும் டேனியலின் அழைப்புகளைக் கத்தரிக்கத் தொடங்கினாள். பையன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். கொஞ்ச நாள் பொறுத்தேன். அப்புறம் அவள் அப்பாவிடம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் போட்டேன்.

டேனியலின் சிநேகிதன் ஒருவன் விடுமுறைக்குத் தென்காசி போயிருந்ததால் கொரட்டூரில் அவனுடைய ஃப்ளாட் எனக்குக் கிடைத்தது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஏரியின் ஒரு துண்டு தெரியும். ஜூன் மாத வெயில். எங்கள் ஊரில் வெயில் அடித்தால் சாயங்காலம் மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே அந்த வழக்கமில்லை.

காலையில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி எனக்குப் புதிது. "இது கறியா, வடையா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "துன்னு பாத்துட்டு நீயே சொல்லும்மா" என்று இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

எஸ்தரின் வீடு ஆவடியில். கொரட்டூரிலிருந்து மின்சார ரயிலில் சில ஸ்டேஷன்கள்தான். பெண்கள் பெட்டியில் ஏறினேன். எதிரே இரண்டு பெண்கள் மடியில் முறத்தை வைத்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே ஒரு மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "லீவு கேட்டா, 'உங்க மாமியாருக்கு இதோட எத்தன தடவ உடம்பு சரியில்ல'ன்னு கேக்குறான்டி." அடுத்தவள், "போன தடவ செத்தே போயிட்டாங்கன்னு சொல்லிட்டியே, மறந்துட்டியா?" என்றாள். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று கேட்கும் ஆசையில் ஆவடியைத் தவறவிட்டுவிட்டேன். திருநின்றவூரில் இறங்கி, எதிர் நடைமேடைக்குப் படியேறிக் கடந்து, வந்த வழியே திரும்பினேன். பட்டுப்புடவை அதற்குள் முதுகோடு ஒட்டிவிட்டது.

எஸ்தரின் அப்பா தேவசகாயம் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று, முழங்கையில் பழைய தீக்காயத் தழும்போடு இருந்தார். ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடம். வீட்டில் அவரும் எஸ்தரும்தான்.

"வாங்கம்மா வாங்க. இன்னா, வெயில்ல நடந்தே வந்துகினு? எறங்கினதும் ஃபோன் பண்ணிருந்தா ஸ்டேஷனாண்ட வந்துருப்பேனே."

எஸ்தர் தண்ணீர் கொண்டுவந்தாள். பினாங்கில் என்னைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொள்பவள், இங்கே சொம்பைக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் போய்விட்டாள்.

நாட்டுக்கோழிக் குழம்பு அவரே வைத்திருந்தார். இரண்டாவது கவளத்திலேயே விஷயத்தைத் தொடங்கினேன். "பிள்ளைங்களைப் பத்திப் பேசலாம்னு…"

"ஈரல் போட்டுக்கோங்க" என்றார். போட்டுக்கொண்டேன். மறுபடி ஆரம்பித்தேன். அவர் குறுக்கே புகுந்து, "எஸ்தர் சொன்னா, நீங்க சேவல் டாக்டராமே" என்றார்.

"எந்தச் சேவல்?"

"கோபுரத்து மேல நிக்குமே, அது. எங்க சர்ச்சுல ஒண்ணு கீது. பூந்தமல்லில. வெள்ளக்காரப் பட்டாளம் தங்கியிருந்த காலத்துது. போன புயல் அடிச்சதுலேர்ந்து அப்டியே மாட்டிக்கினு நிக்குது, திரும்பவே மாட்டேங்குது."

அன்றைக்கு நான் கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவர் சேவலை எடுத்தார். விடைபெறும்போது தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: தேவாலயக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டியில் அவர் இருக்கிறார். சேவலின் அடித்தண்டு ஆடுகிறது. கீழே பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் ஆயருக்குப் பயம். கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க இப்போது சாரம் கட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாரத்தைப் பிரிப்பதற்குள் சேவலைக் கழற்றிவிட்டு விளக்கு எரியும் சிலுவை ஒன்றை வைப்பதாக முடிவு. அவருக்கு மட்டும் அதில் மனமில்லை.

"ஏன், சேவல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று கேட்டேன்.

"எனக்குப் புடிக்கும். அவ்ளோதான்."

இந்த மனிதரிடம் இஷ்டத்துக்கும் காரணம் கிடையாது, இஷ்டமில்லாததற்கும் காரணம் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் பூந்தமல்லிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவரோடு இன்னொரு நாள் பேச வேறு சாக்கு எனக்கு இல்லை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்தில் போனோம். மெட்ரோ வேலைக்காக ரோட்டை எங்கெங்கோ திருப்பிவிட்டிருந்தார்கள். ஓரிடத்தில் கண்டக்டர் எழுந்து, "இதுக்கு மேல பஸ் போவாது, எல்லாரும் எறங்கிக்கோ" என்றார். யாரும் சண்டை போடவில்லை. கும்பலாக இறங்கி, கும்பலாக ஷேர் ஆட்டோக்களில் ஏறினார்கள். எங்கள் ஆட்டோவில் எனக்கு இடப்பக்கம் தேவசகாயம், வலப்பக்கம் ஒரு பெரிய அலுமினிய அண்டா. அண்டாவின் சொந்தக்காரர் முன்னால் டிரைவரோடு பாதி சீட்டில் தொங்கிக்கொண்டு வந்தார். பிரேக் போடும்போதெல்லாம், "அண்டாவப் புடிச்சுக்கோங்கம்மா" என்று எனக்குக் குரல் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன். பினாங்கில் என்றால் அண்டாவுக்கும் தனி டிக்கெட் கேட்டிருப்பார்கள்.

தேவாலயம் பெரியதில்லை. காரைச் சுவர், கனத்த தூண்கள், முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். கோபுரத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்புச் சாரம். அதன் உச்சியில் வெள்ளிப் பெயின்ட் அப்பிய சேவல், வடக்கே பார்த்துக்கொண்டு நின்றது. காற்றோ மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேவலின் காலடியில் ஏதோ கறுப்பாகச் சுருண்டு கிடந்தது. முதலில் துரு என்று நினைத்தேன். பிறகு அது அசைந்தது.

"சகாயம் ஐயா, உங்க சேவலுக்குக் குடித்தனக்காரங்க இருக்காங்க. காக்காக் கூடு."

அவர் என் ஃபோனை வாங்கிப் பார்த்தார். குச்சியால் கட்டிய கூடு இல்லை. மெட்ரோ வேலை நடக்கும் இடமெல்லாம் இறைந்து கிடக்கும் கட்டுக்கம்பி. காக்கைகள் அதைப் பொறுக்கி வந்து, சேவலின் தண்டையும் திசை எழுத்துகள் இருக்கும் கைகளையும் சேர்த்துச் சுற்றியிருந்தன. எந்தக் கம்பி கட்டும் ஆளும் பொறாமைப்படுகிற மாதிரி இறுக்கம். சேவல் எப்படித் திரும்பும்?

பெயின்ட் மேஸ்திரி ஒரு பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "கொறடால நாலு வெட்டு வெட்டி கீழ தள்னா வந்துரும்" என்றார்.

"குஞ்சு கீதுய்யா உள்ள" என்றார் தேவசகாயம். அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

நான் மேலே போய்ப் பார்க்கிறேன் என்றதும் இருவரும் என் புடவையைப் பார்த்தார்கள். மறுநாள் எஸ்தரின் சுடிதார் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். மார்பில் பூ வேலை செய்தது, எனக்குக் கொஞ்சம் இறுக்கம். இடுப்புக்கு மேஸ்திரியின் பெல்ட், தலைக்கு மெட்ரோ ஆட்களிடம் இரவல் வாங்கிய மஞ்சள் ஹெல்மெட். என்னை ஏறவிட தேவசகாயத்துக்கு மனமே இல்லை.

"உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா எம் பொண்ணு என்ன சும்மா வுடாது."

"கல்யாணமான நாள்லேர்ந்து இதுதான் ஐயா எனக்கு வேலை. நீங்க முழங்காலைப் பார்த்து ஏறுங்க."

அவரும் ஏறினார். பாதியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். அவருக்காக நின்றதுபோல் காட்டிக்கொண்டு நானும் மூச்சு வாங்கினேன்.

மேலே போய்ப் பார்த்தால் ஊர் வேறாக இருந்தது. மேம்பாலத் தூண்கள் வரிசையாக வெயிலில் நின்றன. லாரிப் பட்டறைகளின் தகரக் கூரைகள் பளபளத்தன. தூரத்தில் ஏதோ ஒரு ஏரி. கூட்டுக்குள் இரண்டு குஞ்சுகள். சிறகு முளைத்தும் முளைக்காமலும், வாய் மட்டும் முழுதாக முளைத்து. நாங்கள் எட்டிப் பார்த்ததும் தீனி வந்துவிட்டது என்று இரண்டும் வாயைப் பிளந்தன.

அடுத்த நொடி என் ஹெல்மெட்டில் டொக்கென்று ஒரு அடி. தாய்க்காக்கை. பின்னாலேயே அதன் ஜோடி. பிறகு பூந்தமல்லியில் இருக்கும் அத்தனை காக்கைகளும். தேவசகாயம் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு, "த, இன்னா? உம்புள்ளைய ஒண்ணும் பண்ணலம்மா, இரு, இரு" என்று காக்கையிடம் மன்றாடினார். நான் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். கூட்டின் அடியில் அவர், கீழிருந்து கொண்டுவந்த காய்கறிக் கூடையைத் தாங்கிப் பிடித்தார். கடைசிக் கம்பி அறுந்ததும் கூடு அப்படியே, கலையாமல், கூடைக்குள் உட்கார்ந்தது. அதை இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, மணிக்கூண்டுச் சன்னலுக்கு வெளியே இருந்த திண்டில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். இறங்கும்போது பார்த்தால் அவர் புறங்கையில் ரத்தம்.

சேவலைக் கழற்றிக் கீழே இறக்குவது மேஸ்திரி ஆட்களுக்கு அரைமணி வேலை. அது முடிந்தபின்னும் தேவசகாயம் நகரவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமென்ட் மேடையில் உட்கார்ந்து சன்னல் திண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரியாணிப் பொட்டலங்கள் வாங்கி வந்தேன். சீரகச் சம்பா, நல்ல வாசனை. எங்கள் ஊர் நாசி கண்டார் சோற்றில் நாலு குழம்பை ஊற்றிக் குழப்பிச் சாப்பிடுவோம். இதற்கு எதுவும் வேண்டாம்போல இருந்தது. அவர் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.

"நீங்க துன்னுங்கம்மா. அது திரும்பி வந்து ஊட்றத பாத்துட்டு நான் துன்றேன்."

"மனுஷன் தொட்டா காக்கா வராதுன்னு சொல்றது பொய். வரும்."

"வரும். வர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்காது."

காக்கைகள் மணிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கோச்சிக்காதீங்க. இஷ்டமில்லன்னு சொன்னது நான் இல்லம்மா."

"ஃபோன்ல நீங்கதானே பேசினீங்க?"

"பேசுனது நாந்தான். சொல்ல வச்சது அவ. 'அப்பா, நீ வேணாம்னு சொல்லிடு. நான் சொன்னா டேனியல் காரணம் கேப்பாரு, எனக்குப் பொய் சொல்ல வராது'ன்னா. பெத்த பொண்ணு கேக்குது. சரி, கெட்ட பேரு எனக்கு வரட்டும்னு எடுத்து வுட்டேன்."

பிரியாணிப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். "அவளுக்கு அவனைப் பிடிக்கலையா?"

"புடிக்காமயா! உங்க பையன் போட்டோவ ஃபோன்ல பாத்துக்கினுதான் பல்லு வெளக்குது." சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "என்ன உட்டுட்டுப் போவ மனசில்ல அதுக்கு. அவங்கம்மா பூட்டப்ப ரெண்டாங்கிளாஸ் படிச்சிக்கினு இருந்துச்சு. நாந்தான் சட பின்னிவுட்டு இஸ்கூலுக்கு அனுப்புவேன். கோணலாத்தான் வரும். ஒருநாள்கூட நொட்ட சொன்னதில்ல. இப்ப போடி, போடின்னு சொல்லிக்கினேதான் கீறேன். நான் போவச் சொன்னா இன்னும் கெட்டியா ஒக்காந்துக்குது."

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னா? சமைக்கத் தெரியும், துணி தொவைக்கத் தெரியும்." மறுபடி மேலே பார்த்தார். "சாயந்தரம் ஆறரைக்கு மேல ஊட்டுல ஒண்ணும் சத்தம் இருக்காது. அவ்ளோதான்."

அப்போது தாய்க்காக்கை திண்டில் வந்து உட்கார்ந்தது. கூடையைச் சுற்றி நடந்து பார்த்தது. கயிற்றை ஒரு தரம் கொத்தியது. பிறகு தலையை உள்ளே விட்டது. கீச்சுக் கீச்சென்று சத்தம் எங்கள்வரை கேட்டது. தேவசகாயம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார், ஒரு பருக்கை விடாமல்.

அன்று மாலை கொரட்டூர் ஏரிக்கரையில் நடந்தேன். வாக்கிங் போகிறவர்களும் பஜ்ஜிக் கடையுமாகக் கரை நிறைந்திருந்தது. பெண் வீட்டுக்காரர் எதற்காக மறுக்கிறார் என்று கண்டுபிடிக்கத்தான் கடல் தாண்டி வந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் நான் கேட்க வந்தது என்ன? கல்யாணமானால் பெண் எங்கள் ஊருக்கு வருவாள் என்று நான் நினைத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை. அது எனக்குத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி இயல்பாக இருந்தது. அவருக்கும் ஒரே பிள்ளை, எனக்கும் ஒரே பிள்ளை. இரண்டு வீட்டில் ஏதோ ஒன்று ஆறரை மணிக்குப் பிறகு சத்தமில்லாமல் போகும். அது யாருடையது என்பதுதான் கேள்வி.

பஜ்ஜி வாங்கினேன். ஆறும்வரை கையில் வைத்திருந்தேன். பிறகு டேனியலைக் கூப்பிட்டேன்.

"அம்பத்தூர்லயும் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கமும் நீ செய்ற மாதிரி தொழிற்சாலைங்க நிறைய இருக்காமே. தேடிப் பார்த்தா வேலை கிடைக்குமா?"

"கிடைக்கும். ஏம்மா?"

சொன்னேன். எஸ்தர் ஏன் அப்படிச் செய்தாள் என்பதையும் சொன்னேன். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டபோது அவன் குரலில் சந்தோஷம் பொங்கியது. அடுத்த வார்த்தையிலேயே அதை அடக்கிக்கொண்டான், எனக்குக் கேட்கக் கூடாது என்று. எனக்குக் கேட்டுவிட்டது. சின்ன வயதில் மிட்டாயை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்பான், அதே மாதிரி. "யோசிச்சுத்தான்" என்றேன். முழுப் பொய் அது. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் முழுக்க சேவலோடு போயிற்று. தேவசகாயத்துக்குத் தெரிந்த லாரிப் பட்டறை ஒன்றில் இடம் கொடுத்தார்கள். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. முதலில் எஸ்தரிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

சுரண்டச் சுரண்டப் பெயின்ட் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பண்டிகைக்கும் யாரோ அன்பாக ஒரு கோட்டிங் கொடுத்திருக்கிறார்கள். அது வழிந்து சுழலும் மூட்டுக்குள் இறங்கிக் கல்லாகிவிட்டது. காக்கைகள்மேல் முழுப் பழியையும் போட முடியாது. வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் செம்பு, பழுத்த புளியின் நிறத்தில். வாலில் ஒரு பெரிய ஓட்டையை இரும்புத் தகட்டால் பற்றவைத்திருந்தார்கள். காற்றுச் சேவலுக்கு வால் அகலமாக இருக்கலாம், கனமாக இருக்கக் கூடாது. தலைப்பக்கமும் வால்பக்கமும் எடை ஒத்துப்போனால்தான் சுழலும். குழாய்மேல் வைத்துப் பார்த்தபோது வால் பொத்தென்று தரையில் விழுந்தது.

இரும்புத் தகட்டை எடுத்துவிட்டு மெல்லிய செம்புத் தகடு வைத்தேன். தேவசகாயம் அடித்தண்டை நிமிர்த்தினார். சுத்தியல் பிடித்த பழைய கை, ஒரு தட்டு அதிகம் இல்லை, ஒரு தட்டு குறைவில்லை. பட்டறைக்காரர் டப்பாவைத் துழாவி ஒரு எஃகுக் குண்டு கொடுத்தார். இங்கே அதற்குப் பால்ரஸ் என்று பெயர். தண்டின் தலையில் அது உட்கார, அதன்மேல் சேவல் உட்கார வேண்டும்.

"கிரீஸ் வேணும்" என்றேன்.

"யோவ், கிரேஸ் அம்மாவுக்குக் கிரீஸ் வோணுமாம்யா!" என்று தேவசகாயம் கத்த, பட்டறையே சிரித்தது. அந்த நாலு நாளில் அவர் வைத்த முதல் ஜோக் அது. அதற்கு அவரே அதிகமாகச் சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் சேவலை ஏற்றினோம். திருகி முடித்துக் கையை எடுத்ததும் அது மெதுவாக நகர்ந்து மேற்கே பார்த்து நின்றது. எனக்கு அதுவே போதும். கீழே மேஸ்திரிக்குப் போதவில்லை.

"அன்னிக்கு வடக்க பாத்துச்சு, இன்னிக்கு மேற்க பாக்குது. நீங்க திருப்பி வச்சிட்டு வந்துருக்கீங்க. இதுல இன்னா கீது?"

ஆயர் இளைஞர், நல்ல மனிதர்; தண்டு ஆடாமல் சேவல் சுழன்றால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்திருந்தார். ஆனால் அவருக்கும் அதே சந்தேகம். சாரத்தைப் பிரிக்கச் சொல்வதா, விளக்குச் சிலுவையை ஏற்றச் சொல்வதா என்று கையைப் பிசைந்தார். தேவசகாயம், "கடக்காத்து வரட்டும் ஐயா. அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க" என்றார். இங்கே வெயில் காலத்தில் பகலெல்லாம் மேற்கிலிருந்து வீசும் அனல், சாயங்காலம் கடலிலிருந்து காற்று கிளம்பி வந்தால் அடங்கும். கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும். பூந்தமல்லி கடைசி வரிசை.

காத்திருந்தோம். ஆயர் மோர் கொடுத்தார். மேஸ்திரி ஆட்கள் சாரத்தின் நிழலில் படுத்துவிட்டார்கள். எஸ்தர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அப்பாவின் புறங்கைக் காயத்தைப் பார்த்து, "மருந்து போட்டியா?" என்று அதட்டினாள். அவர் போட்டேன் என்று பொய் சொன்னார்.

அவளைத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

"அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டார்."

அவள் முகம் சிவந்தது. "ஆன்ட்டி, நான்…"

"இரு. டேனியல் இங்க வேலை தேடறான். கல்யாணம் ஆனா இங்கதான் இருப்பான். ஆவடியிலயோ அம்பத்தூர்லயோ, உங்க இஷ்டம். இப்ப சொல்லு, வேணுமா வேணாமா? இந்தத் தடவை நீயே சொல்லணும்."

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏரிக்கரையிலிருந்தே அந்த முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நீங்க?"

பட்டறை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், சர்ச்சில் பெண்கள் குழு இருக்கிறது என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. பார்வையைச் சேவல் பக்கம் திருப்பினேன். அவள் என் கையைப் பிடித்தாள். கிரீஸ் இன்னும் போகாத கை.

அந்த நேரத்தில் மரத்தின் இலைகள் ஒரு பக்கமாகப் புரண்டன. முதுகு வேர்வை சில்லென்றது. யாரோ "ஏய், பாரு பாரு" என்று கத்தினார்கள். மேலே சேவல் நடுங்கியது. கொஞ்சம் தெற்கே போனது, தயங்கியது, திரும்பி வந்தது. பிறகு நிதானமாக, யாரும் தள்ளாமல், அரைவட்டம் சுற்றிக் கிழக்கே திரும்பிக் கடலைப் பார்த்து நின்றது. ஒரு காக்கை அதன் தலைக்கு மேலே கோபமாக ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கூடைக்குப் போனது. ஆயர் சின்னப் பையன் மாதிரி கைதட்டினார். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "சரி, சாரத்தப் பிரிங்கடா" என்றார்.

எஸ்தர் மேலே பார்க்கவேயில்லை. "சொல்லுங்க ஆன்ட்டி. நீங்க தனியா இருப்பீங்களா?"

"தனியாத்தான் இருப்பேன்" என்றேன். அவளிடம் அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. "ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம் பழகிடும். வருஷத்துக்கு ஒரு தரம் ரெண்டு பேரும் வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க. போதும்."

"வரோம்" என்றாள். அதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். "வேணும் ஆன்ட்டி. எனக்கு வேணும்."

தேவசகாயம் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. எவ்வளவு கேட்டார் என்றும் தெரியாது. கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, எஸ்தரை அதட்டுகிற குரலில் சொன்னார்:

"ரெண்டு பேரா? நான் இன்னா ஆவடில பூட்டுக்குக் காவல் இருக்கணுமா? மூணு டிக்கெட்டாப் போடச் சொல்லு அந்தப் பையன. ஏரோப்ளேன்ல சன்னலாண்ட எனக்கு."